வித்துவமும் இழைப்பும்: கதிரவெளியிற் கேட்ட ஒரு விருத்தம் பற்றிய சில குறிப்புகள்

கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்திலே, வாகரைக்கு வடக்கேயும் வெருகலாற்றுக்குத் தெற்கேயும் கடலோரமாக அமைந்துள்ள ஊராகும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலையும், அதற்கு இரண்டாண்டு கழியுமுன்னரே போரும் அவ்வூரை அலைக்கழித்தன. 2006 நவம்பரில், இடம்பெயர்ந்தோர் தஞ்சமடைந்திருந்த அவ்வூர்ப் பாடசாலையின் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டமை பலருக்கும் நினைவிருக்கும். வீடுகளோடு கூத்துக் கொப்பிகளும் போயின என அங்குள்ள முதியோர் கூறக் கேட்டிருக்கின்றேன். எஞ்சியவை மனனத்தில் இருந்தவையே.

கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருட்டு அப்பகுதியிலே களப்பணி செய்த காலத்தில், முதிய அண்ணாவியார் ஒருவரிடம் இரண்டு இரவுகள் இருந்து வடமோடிக் கூத்துப் பாடல்களைப் பதிவு செய்தேன். பின்னர் அவர் காலமானார். அவருடைய பேரன், பதினெட்டு வயது இளைஞன், பாட்டனாரின் குரலைக் கேட்க வேண்டுமென்று கேட்டதற்கிணங்கப் பதிவின் பிரதியை அவனுக்கு அனுப்பினேன். சில வாரங்களின் பின்னர் அவனிடமிருந்து நான்கு நிமிட ஒலித்துண்டொன்று வந்தது. 'பதின்மூன்றாம் போர்' கூத்திலே, அபிமன்னனைப் பறிகொடுத்த தாய் புலம்பும் விருத்தம் அது, பாடுபவர் அண்ணாவியாரே. ஆயின் அக்குரலின் அடியிலே மத்தளமில்லை, சல்லரியில்லை. பீத்தோவனின் 'நிலவொளி' எனப்படும் பியானோ இசையின் முதற் பகுதி, மும்மூன்று சுரங்களாக, அலை கரையைத் தொட்டு மீள்வதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

அத்துண்டு கைத்தொலைபேசி வழியே ஊருக்குள்ளும், பின்னர் கனடா, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழும் உறவினரிடையேயும் பரவிற்று. அழுதோர் உளர், ஏசியோரும் உளர். கூத்தைக் கெடுத்துவிட்டான் என்பது ஒரு சாராரின் குற்றச்சாட்டு. கல்வித்துறை நண்பர்கள் சிலர் அதனை 'மாஷப்' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கித் தள்ளினர். நானும் முதலில் அவ்வாறே கருதினேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயின் மூன்றாம் முறை கேட்டபோது எனது கருத்து ஆட்டங்கண்டது. அந்த ஆட்டத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாஷப் என்பது, முன்னரே பதிவான இரு பாடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்து மூன்றாவதொன்றாக்குவது. தமிழில் இதனை இழைப்பு எனலாம். இதற்கு நேரெதிர் முனையில் இருப்பதாகக் கருதப்படுவது பியானோ வித்துவானின் மேடைக் கச்சேரி. முன்னையதில் உழைப்பே இல்லை எனவும், பின்னையதில் உழைப்பின் உச்சம் உண்டு எனவும் பொதுவாக எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது?

பியானோ ஓர் இயந்திரம் என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. 1700ஆம் ஆண்டளவில் புளோரன்சு நகரிலே பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர், கம்பியை மீட்டுவதற்குப் பதிலாகச் சிறு சுத்தியலால் அடிக்கும் கருவியைச் செய்தார். விரலின் வலுவுக்கேற்ப ஒலி கூடவும் குறையவும் அதனால் முடிந்தது. ஒரே சுரத்தை விரைவாக மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியமைப்புக்கு 1821இல் பாரிஸ் நகரத்து எராட் நிறுவனம் உரிமம் பெற்றது. வார்ப்பிரும்புச் சட்டம் வந்தபின் கம்பிகளை மிக இறுக்கமாகப் பூட்டலாயிற்று. ஒலி பெரிய மண்டபத்தையும் நிரப்பக்கூடியதாயிற்று. ஆலைகளும் நீராவியும் வளர்த்த அதே கைத்தொழில் யுகமே பியானோவையும் வளர்த்தது. அந்த மண்டபத்தை நிரப்பக் கட்டணம் செலுத்திய மத்தியதர வர்க்கமும் அந்த யுகத்தின் விளைவே.

இப்பின்னணியிலேதான் பிரான்ஸ் லிஸ்ற் (1811-1886) தோன்றுகின்றார். 1832இல் பாரிஸ் நகரில் வயலின் வித்துவான் பகனினியைக் கேட்டபின், அவர் வயலினிற் செய்ததைத் தாம் பியானோவிற் செய்வதெனத் தீர்மானித்து நாள்தோறும் பல மணிநேரம் சாதகம் செய்தார் என்பர். வேறு கலைஞர் எவருமின்றித் தனியொருவராக முழு நிகழ்ச்சியையும் நடத்தும் வழக்கத்தை நிலைநாட்டியவர் அவரே. பியானோவை அரங்கின் குறுக்காக வைத்துத் தமது கைகளைச் சபையோர் காணுமாறு செய்தார். ஏட்டைப் பாராது வாசித்தார். 1844இல் கவிஞர் ஹைனே, லிஸ்றின் பெயரோடு பித்து என்ற சொல்லைச் சேர்த்து அக்கால இரசிகரின் நிலையை வருணித்தார். இதிலே கவனிக்க வேண்டியது கைகளைக் காட்டியமை. துணியை நெய்தவனின் கையைத் துணி வாங்குபவன் காண்பதில்லை. எல்லாப் பண்டத்திலும் உழைப்பு மறைந்துபோன ஒரு காலத்திலே, உழைப்பைக் கண்ணாற் காணுதற்காகவே மக்கள் பணங்கொடுத்து மண்டபத்திற்கு வந்தனர். வித்துவத்தின் கவர்ச்சிக்கு இதுவே முதற்காரணம் என்பது எனது துணிபு.

மார்க்ஸ் 1857-58இல் எழுதிய பொருளியற் குறிப்புகளிலே பியானோ பற்றிய ஒரு விவாதம் உண்டு. பியானோவைச் செய்பவன் உற்பத்தி உழைப்பாளி எனில், வாசிப்பவன் ஏன் அவ்வாறு ஆகான்; வாசிப்பவன் இன்றேல் பியானோவே பொருளற்றதன்றோ என்ற ஆட்சேபத்தை அவர் எடுத்துக்கொள்கின்றார். மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பே முதலாளித்துவத்தின் கணக்கிலே உற்பத்தி உழைப்பு. வாசிப்பவன் தனது உழைப்பை வருமானத்தோடு நேரே பரிமாறிக்கொள்கின்றான், அவ்வளவே என்பது அவரது விடை. இது கலைஞனை இழிவுபடுத்தும் கூற்றெனச் சிலர் மயங்குவர். உண்மையில் இது முதலாளித்துவக் கணக்கின் வறுமையைச் சுட்டுவது. பிறிதோரிடத்தில் அவரே இதனைத் தொடர்ந்து, தன் பாட்டைத் தானே விற்கும் பாடகி ஒருத்தியை ஒரு முயற்சியாளன் கூலிக்கு அமர்த்திப் பாடவைத்துப் பணம் ஈட்டுவானாயின், அக்கணமே அவள் உற்பத்தி உழைப்பாளி ஆகிவிடுகின்றாள் என்பார். பாட்டு மாறவில்லை, உறவு மாறிவிட்டது.

இவ்வுறவு மாற்றத்தை நம் காலத்திலே மிகத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 2019 மார்ச்சில் நிறைவெய்தியது. சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் முதலிடம் பெற்றுப் பத்து இலட்சம் டொலர் பரிசை வென்றான். அப்போட்டியிலே அவன் வாசித்தவற்றுள் உலகெங்கும் பேசப்பட்டது, றிம்ஸ்கி-கோர்சக்கோவின் 'வண்டின் பறப்பு'. முதலில் நிமிடத்துக்கு 208 அடி என்னும் வேகத்திலும், பின்னர் 325 அடி வேகத்திலும் அதனை வாசித்தான். ஓர் அடிக்கு நான்கு சுரம் எனக் கொண்டால், முதல் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 14 சுரங்களும் இரண்டாவதில் ஏறத்தாழ 22 சுரங்களும் ஆகின்றன. வினாடிக்கு இருபதை நெருங்கும்போது ஒலிகளைத் தனித்தனியே பிரித்தறிவது செவிக்கு அரிதாகின்றது. அவை ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகத் தொடங்குகின்றன. இதிலொரு வேடிக்கை உண்டு. புஷ்கினின் கதையைத் தழுவி 1900இல் அரங்கேறிய இசைநாடகத்திலே, இளவரசன் வண்டாக மாறிப் பறக்கும் இடத்துக்காக அமைந்த வாத்திய இசையே இது. எனவே சுரங்கள் கரைந்து ரீங்காரமாவது ஒருவகையில் மூலத்திற்கு விசுவாசமானது!

அச்சிறுவனின் ஆற்றலை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. பல வாத்தியங்களைக் கையாள வல்லவன், முறையாகப் பயின்றவன். நமது கவனத்துக்குரியது அந்த எண். 325 என்ற எண்ணைப் பியானோ பற்றி ஏதுமறியாத ஒருவனும் 208 உடன் ஒப்பிட முடியும். தொலைக்காட்சிக்கு வேண்டியது அதுவே. லிஸ்றின் சபையோரிற் பலர் வீட்டிலே பியானோ வைத்திருந்தவர்கள். தம் விரலால் முயன்று தோற்றவர்கள். ஆகவே அவர் செய்வதன் அருமை அவர்களுக்கு உடலால் தெரியும். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தொலைக்காட்சிச் சபையோருக்கு அத்தகைய பொது அநுபவம் இல்லை. ஆகவே வித்துவம் எண்ணாக மாற்றப்படுகின்றது. பண்டங்கள் அனைத்தையும் ஒப்பிடத்தக்கனவாக்கும் பரிமாற்றப் பெறுமதி இங்கே சுரங்களுக்குள்ளும் புகுந்துவிடுகின்றது.

வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் வித்துவம் உண்டு. களரிக்கு வரும் கூத்தன் தன் வரவுத் தாளத்திற்கு ஆடி, எட்டு, நாலடி, வீசாணம், குத்துமிதி எனப் பலவாறாக மிதித்து, இறுதியில் மத்தளத்தின் முத்தாய்ப்போடு தன் கால் சரியாக விழத் தாளந்தீர்ப்பான். அண்ணாவியார் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிக் கூத்தனைச் சோதிப்பதும், கூத்தன் விட்டுக்கொடாது ஆடுவதும் சபையோருக்குப் பேரானந்தம் தரும் கட்டங்கள். ஆயின் வட்டக் களரியைச் சூழ்ந்திருப்போர் யார்? ஒரு காலத்தில் சட்டம் வாங்கி, சதங்கை கட்டி, மாதக்கணக்காகப் பழகி ஆடியவர்கள்; அல்லது ஆடியவர்களின் மனைவியர், மக்கள். ஒரு மிதி பிழைத்தால் முன்வரிசையில் இருக்கும் கிழவர் முகத்தைச் சுளிப்பார். அங்கே எண் தேவையில்லை. வித்துவத்தை அளக்கும் கோல் அளப்போரின் கால்களிலேயே இருக்கின்றது.

இனி இழைப்புக்கு வருவோம். இழைப்பு புதிது என்ற கருத்தை முதலிற் களைதல் வேண்டும். லிஸ்ற் தமது மேடைப் புகழின் உச்சக்கட்டத்திலே வாசித்தவற்றுட் பெரும்பகுதி பிறருடைய மெட்டுக்களே. மொஸார்டின் 'டொன் ஜொவானி', பெல்லினியின் 'நோர்மா' ஆகிய இசைநாடகங்களின் பாடல்களை எடுத்து 1841இல் அவர் பியானோவுக்கு அமைத்த இரு படைப்புகள் இன்றும் வித்துவான்களின் பலப்பரீட்சைக் களங்களாக உள்ளன. 'நோர்மா'வின் இறுதிப் பகுதியிலே நாடகத்தின் வெவ்வேறிடங்களில் வரும் இரு மெட்டுக்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. இரண்டையும் முன்னரே அறிந்திருந்த சபை, அவை ஒன்றுகூடும் கணத்தில் அடைந்த மகிழ்ச்சிக்கும், இன்றைய இளைஞர் இரண்டு பாடல்கள் பொருந்தும் கணத்தில் அடையும் மகிழ்ச்சிக்கும் தன்மையில் வேறுபாடு காண முடியவில்லை. வித்துவானும் இழைப்பாளனும் உடன்பிறப்புக்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளுக்கிடையே வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835), கும்பினியாரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படும் அவற்றுள் பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டில் அம்பாளைப் பாடுவதும் ஒன்று. அரசரின் நீடாயுளுக்கான மெட்டு அம்பிகையின் துதியாயிற்று. அதனைப் பக்தியென்பதா, ஏகாதிபத்தியத்தை உள்வாங்கலென்பதா, அன்றி வெறும் இசைக் குறும்பென்பதா என இன்னும் வாதிடலாம்.

நமது நாடகச் சுவடிகளிலும் சிந்து, கும்மி நூல்களிலும் பாட்டின் தலைப்பிலே இன்ன பாட்டின் வர்ணமெட்டு என அச்சிட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். மெட்டு எல்லோருக்கும் சொந்தம்; சொல் மட்டுமே புதிது. இன்னும் பின்னோக்கிச் சென்றால் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் நினைவுக்கு வரும். பேர்மிங்காமிலே ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் செய்த ஆய்வின் பேறாகிய அந்நூல், சங்கப் பாடல்களிலே மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் அடைகளையும் வாய்மொழிப் பாணர்களின் பொதுச் சேமிப்பாகக் கண்டது. பாணன் இல்லாததிலிருந்து படைக்கவில்லை. எல்லோரும் அறிந்த துண்டுகளை அக்கணத்துக்கேற்ப இணைத்தான். தனியாள் மேதைமை என்ற கோட்பாட்டுக்கு மிகப் பிந்திய காலத்திலேயே நாம் அடிமையானோம்.

மட்டக்களப்பில் இதற்குப் புறச்சான்று தேட வேண்டியதே இல்லை. பறங்கியர் சமூகத்தவர் பேணிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் கபிரிஞ்ஞா ஆடலும் இம்மண்ணிலே ஊறியவை. அவற்றோடு உறவுடைய பைலா இலங்கை முழுவதும் பரவியது. பின்னாளில் ஏ. ஈ. மனோகரன் சிங்களத்தையும் தமிழையும் கலந்து பாடிய 'சுராங்கனி' கடல் கடந்தது. பொப்பிசை என்று அதனை அன்றைய இடதுசாரித் திறனாய்வாளர் பலர் இழித்துரைத்தனர். எங்கள் வீட்டுக் கலியாணங்களிலே அத்திறனாய்வாளர்களும் அதற்குக் கைதட்டினர் என்பதையும் சொல்லிவைக்கலாம். 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பிலே பாக்கின் வயலின் இசையொன்றைத் தமது இசையோடு உரையாட விட்டபோது, அதை ஒருவரும் இழித்துரைக்கவில்லை. இதிலுள்ள வர்க்கச் சார்பு ஆராயத்தக்கது.

ஆயினும் பழையதற்கும் இன்றைய மாஷப்புக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னர் இணைந்தவை மெட்டுக்கள். இப்போது இணைபவை ஒலிப்பதிவுகள்; அதாவது ஒருவர் ஏலவே செய்து முடித்த உழைப்பின் உறைந்த வடிவங்கள். இது இயல்வதற்கான தொழில்நுட்பக் காரணங்களை இரண்டொரு வாக்கியங்களிற் கூறலாம். பாடலொன்றின் குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் செயலிகள் இன்று கைத்தொலைபேசியிலேயே உள்ளன. வேகத்தை மாற்றாது சுருதியையும், சுருதியை மாற்றாது வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மேலைநாட்டு வெகுசனப் பாடல்களிற் பல ஒரே நான்கு சுரக்கூட்டுகளையே சுற்றிச்சுற்றி வருவன. ஆதலால் ஒன்றின் குரல் மற்றொன்றின் வாத்தியத்தின்மேல் எளிதாக அமரும். நமது திரையிசையிலே எட்டு மாத்திரைச் சுழற்சி மிகுதியாதலால் தாளம் இடையூறாவதில்லை.

எல்லோருக்கும் பொதுவாயிருந்த மெட்டு, பதிவு என்ற வடிவிலே தனியுடைமை ஆகிவிட்டமையால் இழைப்பு இன்று அத்துமீறல் ஆகின்றது. 2004இல் டேஞ்சர் மவுஸ் என்ற கலைஞர், ஜே-சி என்பாரின் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்த குரலையும் பீற்றில்ஸ் குழுவின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்த வாத்தியத் துண்டுகளையும் இணைத்து 'சாம்பல்' தொகுப்பினை வெளியிட்டார். பீற்றில்ஸ் பதிவுகளுக்கு உரிமை கொண்டிருந்த நிறுவனம் அதனைத் தடுக்க முனைந்தது. அதை எதிர்த்து அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் நாள் நூற்றுக்கு மேற்பட்ட இணையத்தளங்கள் அத்தொகுப்பை இலவசமாக வழங்கின. கேட்போர் தம்மைத் திருடராகக் கருதவில்லை. தாம் அறிந்த பாட்டு தமக்கும் உரியது என்ற பழைய உணர்வு, சட்டத்தை மீறி அன்று தலைகாட்டிற்று.

மாஷப்பின் கவர்ச்சி இவ்விடத்தேதான் வேர்கொள்கின்றது. வித்துவான் உழைப்பைக் காட்டி, இது உன்னால் ஆகாது என்கின்றான், நாம் வியக்கின்றோம். இழைப்பாளனின் உழைப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை, இது உன்னாலும் ஆகும் என்கின்றான், நாம் குதூகலிக்கின்றோம். ஒலிப்பதிவுத் தொழில் கேட்போனின் கைகளைக் கட்டிப்போட்டு வெறுஞ் செவியாக்கிய பின்னர், இழைப்பு அவனுக்குக் கைகளை ஓரளவு மீட்டுக் கொடுத்திருக்கின்றது. ஓரளவு என்றே கூறுவேன். ஏனெனில் அவன் கையாளும் செயலி அவனுடையதன்று. ஆக்கியதைப் பரப்பும் தளமும் அவனுடையதன்று. அவனுடைய இலவச உழைப்பினால் இலாபமடைவோர் வேறிடத்தில் இருக்கின்றனர். மார்க்ஸ் கூறிய பாடகி கூலியாவது பெற்றாள்.

அடோர்னோ 1938இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றிலே, பண்டமாகிவிட்ட இசையைக் கேட்கும் செவி பின்னடைந்துவிடுகின்றது எனவும், முழுமையைக் கேளாது அறிந்த துண்டுகளை அடையாளங் காண்பதிலேயே அது திருப்தியடைகின்றது எனவும் வாதிட்டார். மாஷப்புகளிற் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும் என்பதை மறுக்க மாட்டேன். திரைப்பாடல் இரண்டை ஒட்டி நாளைக்கு மறக்கப்படுவனவே அவற்றுள் அதிகம். ஆயின் களரியிலே வடமோடி பார்க்கும் உழவனும் கதையை அறிந்தவன், மெட்டை அறிந்தவன், வரப்போகும் மிதியை அறிந்தவன். அறிந்ததை அடையாளங் காணும் இன்பம் அவனுக்குமுண்டு. அதனைப் பின்னடைவென்று கூறத் துணியோம். அறிந்ததைக் கேட்டல் தானே தாழ்ந்ததாகாது. அறிந்தது யாருடையது என்பதிலேயே விடை தங்கியுள்ளது.

இனி, பேரன் அனுப்பிய துண்டினை நுணுகிக் கேட்போம். அவன் இசை பயின்றவனல்லன். எனினும் அவன் செய்தவற்றிலே ஒரு நியாயம் இருந்தது. விருத்தத்திற்குத் தாளமில்லை, பாடுவோன் தன் மூச்சுக்கும் உணர்ச்சிக்கும் ஏற்ப நீட்டியும் குறுக்கியும் பாடலாம். ஆகவே எந்த ஓட்டத்தின்மேலும் அது மிதக்கும். கூத்துப் பாடல்களுள் விருத்தத்தையே அவன் தெரிந்தெடுத்தமை தற்செயல் அன்று. தருக்கள் சிலவற்றை முயன்று பார்த்ததாகவும் அவை பொருந்தாது முரண்டு பிடித்ததாகவும் பின்னர் கூறினான். இரண்டின் சுருதியும் வேறுபட்டபோது பியானோவின் சுருதியையே இறக்கினான்.

"அப்பாட குரல்ல கைவைக்க மனம் வரல்ல, சேர்."

பீத்தோவன் 1801இல் இயற்றிய அவ்விசைக்கு 'நிலவொளி' என்ற பெயரை அவர் இடவில்லை. அவர் இறந்தபின் திறனாய்வாளர் ஒருவரின் உவமையால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மூன்றாம் பகுதி வித்துவானின் கைகளை வேண்டுவது. முதற் பகுதியை ஓரளவு பயின்ற மாணவரும் வாசிக்கலாம். இம்முதற் பகுதியின் மும்மூன்றாய் ஓடும் சுரங்கள், மொஸார்டின் 'டொன் ஜொவானி'யிலே வாட்போரில் வெட்டுண்ட முதியவர் உயிர்விடும் காட்சியின் இசையை ஒத்திருப்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். அக்காட்சியின் சில வரிகளைப் பீத்தோவன் தம் கைப்படப் பெயர்த்தெழுதிய தாளும் உண்டு என்பர். அது உண்மையாயின், வியன்னாவிலே ஒரு சாவின் இசையிலிருந்து பிறந்த ஓட்டம் கதிரவெளியிலே இன்னொரு சாவின் புலம்பலுக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கின்றது. பேரனுக்கு இவ்வரலாறு தெரியாது. அவனுடைய செவி அதனை எங்ஙனமோ கண்டுகொண்டது.

அந்தப் பியானோவை வாசித்தவர் யார் எனக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ரொறொன்ரோவிலே அத்துண்டைக் கேட்டு அழுத இளம்பெண் ஒருத்திக்குப் பாடியவர் யாரெனத் தெரியாது. இரு உழைப்பாளிகள், இருவரும் பெயரற்றவர்களாய், ஒரு கைத்தொலைபேசியினுள்ளே சந்தித்திருந்தனர். இதனை எழுதும்போது என் கை சற்றே தயங்குகின்றது. அக்குரலை முதன்முதலிற் களரியிலிருந்து பிரித்தெடுத்தவன் பேரனல்லன், நான். அண்ணாவியார் இரண்டு இரவுகள் தொண்டை வரளப் பாடினார். வெற்றிலையும் தேநீரும் நான் கொடுத்த கூலி. அப்பாடல்களை எழுத்துப்பெயர்த்து அத்தியாயங்களாக்கிப் பட்டமும் பதவியும் பெற்றேன். ஆய்வேட்டிலே அவர் 'தகவலாளி' என்ற பட்டியலில் இடம்பெற்றார். 1960களிலே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, இரவு முழுதும் ஆடப்படுவதை ஓரிரு மணிநேரத்துக்குச் சுருக்கிக் கூத்தைச் சிதைத்தார் என்றோர் இருந்தனர். ஆயின் அவர் அண்ணாவிமாரைத் தம்மோடு மேடைக்கு அழைத்து வந்தார். நாம் ஒலிநாடாக்களை மட்டும் எடுத்துவந்தோம். பேரனின் இழைப்பைக் கண்டு முகஞ்சுளிக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

சென்ற ஆண்டு கதிரவெளிக்குச் சென்று, அவ்விரண்டு இரவுகளின் பதிவு முழுவதையும் அண்ணாவியாரின் குடும்பத்திடம் ஒப்படைத்தேன். அன்று மாலை, அவரோடு நாற்பது ஆண்டுகள் மத்தளம் வாசித்த முதியவர் ஒருவரும் வந்திருந்தார். அவருக்குப் பேரனின் துண்டு போட்டுக் காட்டப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு இறுதிவரை கேட்டார். ஏசுவார் என எதிர்பார்த்தோம்.

"விருத்தம் சரி மனே. விருத்தத்துக்குப் பொறகு தருவெல்லோ வரவேணும். பிற்பாட்டு எங்க?"

கூத்தறிந்தோருக்கு இக்கேள்வியின் கனம் புரியும். விருத்தம் தனியொருவரின் புலம்பல். அது முடிந்ததும் தரு தொடங்கும். மத்தளமும் சல்லரியும் எழும். கூத்தன் பாடிய ஒவ்வோர் அடியையும் களரியில் நிற்போர் பிற்பாட்டாக ஏற்று மீளப் பாடுவர். தாயின் துயரை ஊர் வாங்கிக்கொள்வது அவ்விடத்திலேதான். பேரனின் இழைப்பிலே விருத்தம் முடிகின்றது, பியானோ மெல்ல ஓய்கின்றது, அதன் பின் மௌனம். லிஸ்றின் மண்டபத்திலும், சிறுவன் பரிசு வென்ற தொலைக்காட்சி அரங்கிலும் இதே நிலைதான். சபையோருக்குக் கைதட்டல் உண்டு, பிற்பாட்டு இல்லை. அடோர்னோவைக் கற்ற எனக்குத் தோன்றாத குறை மத்தளக்காரருக்கு ஒரு நொடியிலே தோன்றிற்று.

பேரன் அதற்குப் பின்னர் சும்மா இருக்கவில்லை. விருத்தத்தைத் தொடர்ந்து வரும் தருவின் பிற்பாட்டை ஊரிலுள்ளோரையும் வெளிநாட்டு உறவினரையும் தத்தம் தொலைபேசியிற் பாடி அனுப்புமாறு கேட்டிருக்கின்றான். இதுவரை ஒன்பது பேர் அனுப்பியுள்ளனர். ஒவ்வொருவர் காலமும் ஒவ்வொரு விதம். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த குரல் பாதியிலே அடியை மறந்து சிரித்துவிடுகின்றது. தருவிலே பியானோ பொருந்த மறுப்பதால் அதனை விருத்தத்தோடு நிறுத்திவிட்டு, மத்தளத்தைப் புதிதாகப் பதிவு செய்யலாம் என எண்ணுகின்றான். முதியவர் அதற்கு உடன்பட்டுள்ளார். ஆனால் தொலைபேசியில் ஒலிக்கும் குரல்களுக்குத் தாம் அடிக்க முடியாது, பாடுவோர் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்கின்றார். ஊரிலுள்ள நான்கு பேரை அவர் வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் செல்வதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.